எதுக்களிப்பு அறுவைக்குப் பின்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

நாட்பட்ட நெஞ்செரிச்சலுக்குச் செய்யப்படும் அறுவை சிகிச்சை பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதையொட்டி மும்பையிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள மாட்டுங்கா, செம்பூர், தாராவி, முலுண்ட், டோம்பிவ்லி எனப் பல பகுதிகளிலிருந்து வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அறுவை செய்துகொள்ளலாமா என்று கேட்பவர்களைவிட, செய்துகொண்டு வீடு திரும்பியபின் என்ன சாப்பிடுவது, எதற்குப் பயப்படுவது, எதற்குப் பயப்பட வேண்டாம் என்று கேட்பவர்களே அதிகம். மருத்துவமனையில் கையில் கொடுத்தனுப்பும் தாளில் சூப், கஸ்டர்ட், மசித்த உருளைக்கிழங்கு என்று எழுதியிருக்குமே தவிர, நம் வீட்டு அடுப்பில் கொதிக்கும் எதன் பெயரும் இருக்காது. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் இக்கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 52. பல ஆண்டுகளாக நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் இருந்தன. இரைப்பையின் மேற்பகுதி மார்புக்குள் ஏறியிருக்கிறது என்று சொல்லி, லேப்ராஸ்கோபி முறையில் அறுவை செய்தார்கள். இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. எரிச்சல் அறவே இல்லை. ஆனால் இரண்டு வாய் இட்லி உள்ளே போனதும் நெஞ்சுக்குழியில் அடைத்துக்கொண்டு நிற்கிறது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்க, எழுந்து போய்த் துப்புகிறார். உள்ளே போட்ட கட்டை அதிகமாக இறுக்கிவிட்டார்கள், மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியதுதான் என்று அஞ்சுகிறார். அறுவை செய்த உடம்புக்கு இட்லிதான் பத்தியம், அதையே கொடு என்கிறார் என் மாமியார். நான் என்ன செய்வது?
ஒரு வாசகி, செம்பூர்

பதில்: அம்மா, உங்கள் கணவருக்கு நடப்பது இந்த அறுவையின் வழக்கமான போக்குதான். அவருக்கு உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்பது விளங்கிவிட்டால் பாதிப் பயம் போய்விடும் என்பதால் அதை முதலில் சொல்கிறேன்.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, மற்ற நேரங்களில் மூடியிருப்பது அதன் வேலை. அந்த இடத்தைச் சுற்றியிருக்கும், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் தசையும் வெளியிலிருந்து நெருக்கி, மூடுவதற்குத் துணை செய்கிறது. உதரவிதானத்தில் உள்ள துளை அகன்று இரைப்பை மேலே நழுவிவிட்டால், உள்வளையமும் வெளித்தசையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போகின்றன. அமிலம் மேலேறுவதைத் தடுக்க ஆளில்லாமல் போகிறது. அறுவையில் இரைப்பையைக் கீழே இறக்கி, அகன்ற துளையைத் தைத்துச் சுருக்கி, இரைப்பையின் மேல்முனையை உணவுக்குழாயின் அடிப்பகுதியைச் சுற்றிக் கொண்டுவந்து தைக்கிறார்கள். இதைத்தான் கட்டு என்கிறோம். மார்கழிக் குளிரில் கழுத்தைச் சுற்றித் துண்டைப் போட்டுக்கொள்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுச் சுற்றாகச் சுற்றும் முறையை 1956இல் வெளியிட்டவர் ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற அறுவை நிபுணர். (1948இல் ஐன்ஸ்டைனின் வயிற்றிலிருந்த பெருந்தமனி வீக்கத்துக்கு அறுவை செய்தவரும் இவர்தான்.) முக்கால் சுற்று மட்டும் சுற்றும் டூபே முறையும் உண்டு. 1991இல் இதை லேப்ராஸ்கோபி வழியாகச் செய்யத் தொடங்கிய பிறகு வயிற்றை நீளமாகக் கிழிக்கும் தேவை குறைந்தது. ஐந்து சிறு துளைகளோடு முடிந்துவிடுகிறது.

வெளியில் தழும்பு சிறியது என்பதாலேயே உள்ளே நடந்த வேலையும் சிறியது என்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். கையாளப்பட்ட, தைக்கப்பட்ட தசைகள் எல்லாம் வீங்கும். வீங்கினால் உள்ளிருக்கும் வழி ஒடுங்கும். அத்தோடு உணவுக்குழாயின் உந்து அலைகளும் சில வாரங்களுக்கு வலுக்குறைந்து மந்தமாக இருக்கும். இரண்டாம் வாரத்தில்தான் இந்தச் சிக்கல் பலருக்குத் தலைகாட்டுகிறது. முதல் வாரம் முழுவதும் நீராகாரமே உள்ளே போனதால் எதுவும் தெரிந்திருக்காது. கெட்டியானதைத் தொட்டதும் தெரிகிறது. பெரும்பாலோருக்கு இந்த வீக்கம் ஆறு முதல் எட்டு வாரங்களில் வடிந்துவிடும், சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகும். பன்னிரண்டாம் நாளில் மறு அறுவையைப் பற்றி நினைக்க வேண்டியதே இல்லை.

இனி இட்லிக்கு வருகிறேன். உங்கள் மாமியார் சொல்வது காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் சரி. இந்த அறுவைக்கு இட்லி ஏற்ற தொடக்கம் அன்று. மென்மையானது என்ற நம்பிக்கையில் நாம் இட்லியைச் சரியாக மெல்லாமல் விழுங்குகிறோம். அது உமிழ்நீரில் ஊறி, ஒட்டும் உருண்டையாகி, ஒடுங்கிய வாயிலில் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். பாவ், ரொட்டி, சப்பாத்தி, பரோட்டா ஆகியவை இதைவிட மோசம். மும்பையில் இவை கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருப்பதால் தனியாகச் சொல்கிறேன், குறைந்தது ஆறு வாரத்துக்கு இவற்றை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். முதல் இரண்டு வாரங்களுக்கு வடிகட்டிய அரிசிக் கஞ்சி, ராகிக் கூழ், நீர்மோர், இளநீர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், காரம் குறைத்த ரசம், பால் ஒத்துக்கொண்டால் பால் என்று எல்லாமே கரண்டியிலிருந்து தானாக வழியும் பதத்தில் இருக்க வேண்டும். அது தடையில்லாமல் இறங்கினால் மூன்றாம் நான்காம் வாரங்களில் குழைய வேகவைத்து மத்தால் கடைந்த ரசம் சாதம், தளர்த்தியான தயிர் சாதம், மசித்த பூசணி, சுரைக்காய், கனிந்த வாழைப்பழம், தளர்வாகக் கிளறிய முட்டை ஆகியவற்றுக்கு மாறலாம். அதன்பின் ரசத்திலோ நீர்த்த சாம்பாரிலோ நன்றாக ஊறவைத்துப் பிசைந்த இட்லி, இடியாப்பம், முள் நீக்கிய வேகவைத்த மீன். கோழித்துண்டும் ஆட்டிறைச்சியும் நார்நாராக நிற்பவை என்பதால் கடைசியில்தான் வர வேண்டும். உங்கள் அறுவை நிபுணர் கொடுத்த அட்டவணை இதிலிருந்து ஒரு வாரம் முன்பின் இருந்தால் அவருடையதையே பின்பற்றுங்கள். கட்டு முழுச் சுற்றா, பகுதிச் சுற்றா என்பதைப் பொறுத்து அது மாறும்.

என்ன சாப்பிடுகிறார் என்பதைப் போலவே எப்படிச் சாப்பிடுகிறார் என்பதையும் கவனியுங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு வேளையும் ஒரு சின்னக் கிண்ணத்தளவு போதும். தேக்கரண்டியால் எடுத்து, கஞ்சியைக்கூட வாயில் சற்று வைத்திருந்து விழுங்கட்டும். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு, முடித்த பின் அரைமணி நேரமாவது படுக்காமல் இருக்கட்டும். மிகவும் குளிர்ந்தது உணவுக்குழாயை இறுக்கிப் பிடிக்கக்கூடும். வெதுவெதுப்பானது எளிதாக இறங்கும்.

அடைத்துக்கொண்டால் அடுத்த கவளத்தையோ ஒரு டம்ளர் தண்ணீரையோ அதன் தலைமேல் ஊற்றித் தள்ளப் பார்க்கக் கூடாது. கையிலிருப்பதை வைத்துவிட்டு எழுந்து மெல்ல நடக்கட்டும், எச்சிலைத் துப்பட்டும், அது பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக இறங்கிவிடும். விரலை விட்டு வாந்தி எடுக்க ஒருபோதும் முயலக் கூடாது. இந்த அறுவையைக் குலைப்பதில் ஓங்கரிப்புக்கு நிகரானது வேறில்லை. தொடர்ந்து குமட்டினாலே மருத்துவரை அழைத்து மருந்து வாங்கிவிடுங்கள். சொந்த எச்சிலையே விழுங்க முடியாமல் மணிக்கணக்காக நீடித்தாலோ, காய்ச்சல், மூச்சுத் திணறல், கடும் நெஞ்சுவலி அல்லது வயிற்றுவலி, நிற்காத ஓங்கரிப்பு, கறுப்பு மலம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் ஆகிய இவற்றில் எது வந்தாலும், காலை வரை காத்திராமல் அறுவை செய்த மருத்துவமனைக்கே போங்கள். மூன்று மாதமாகியும் கெட்டி உணவு இறங்கவில்லை என்றால் பேரியம் குடிக்க வைத்துப் படமெடுப்பதும் எண்டோஸ்கோபியும் தேவைப்படும். அப்போதும் பலூன் வைத்து விரிப்பதிலேயே பலருக்குச் சரியாகிவிடுகிறது.

ஒன்றை நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மாதங்களில் அவர் மூன்று நான்கு கிலோ இளைப்பார். உறவினர்கள் பார்த்துவிட்டுப் பதறுவார்கள், ஹார்லிக்ஸோடும் பழங்களோடும் வருவார்கள். மனம் உடைந்துவிடாமல் அவர்களை அன்பாக வழியனுப்பி வையுங்கள். கஞ்சியில் பருப்பையும் பொட்டுக்கடலை மாவையும் சேர்த்துப் புரதத்தைக் கூட்டினால் போதும், சாப்பாடு பழையபடி ஆனதும் எடை திரும்பிவிடும்.

கேள்வி: எனக்கு 34 வயது, கடை வைத்திருக்கிறேன். அறுவை முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. விழுங்குவதில் சிரமம் இல்லை. ஆனால் ஏப்பமே வருவதில்லை. சாயங்காலம் ஆனால் வயிறு உப்பி, இடுப்புப் பட்டையைத் தளர்த்த வேண்டியிருக்கிறது. கீழ்வழியாகக் காற்று அதிகமாகப் பிரிவதால் வாடிக்கையாளர் முன் நிற்கவே கூச்சமாக இருக்கிறது. பழைய வழக்கப்படி ஈனோ கலக்கிக் குடித்தேன், இரவெல்லாம் தூங்க முடியவில்லை. ஏன் இப்படி?
ஒரு வாசகர், தாராவி

பதில்: தம்பி, அமிலம் மேலே வரக் கூடாது என்று போட்ட கதவு காற்றையும் மேலே விடுவதில்லை. அவ்வளவுதான் காரணம். ஈனோ போன்ற பொங்கும் பொடிகளில் சோடா உப்பும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்து கரியமில வாயுவை உண்டாக்குகின்றன. முன்பு அது ஏப்பமாக வெளியே வந்ததால் வயிறு லேசானது போல் இருந்தது. இப்போது மேலே வழியில்லாத வயிற்றுக்குள் நீங்களே வாயுவை நிரப்பியிருக்கிறீர்கள். சோடா, கோலா, பீர் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. முதல் மூன்று மாதங்களுக்கு இவை வேண்டவே வேண்டாம், அதற்குப் பிறகும் அளவோடுதான்.

வயிற்றில் சேரும் காற்றின் பெரும்பகுதி நாம் விழுங்குவது. பல ஆண்டுகள் நெஞ்செரிச்சலோடு வாழ்ந்தவர்கள் எரிச்சல் தணிய அடிக்கடி எச்சில் விழுங்கிப் பழகியிருப்பார்கள், ஒவ்வொரு முறையும் சிறிது காற்றும் கூடவே போகும். நோய் போன பின்னும் பழக்கம் போவதில்லை. கடைக்காரரான உங்களுக்கு வேறு வழிகளும் இருக்கும். கட்டிங் சாயைச் சுடச்சுட உறிஞ்சிக் குடிப்பது, கல்லாவில் நின்றபடியே நான்கு கடியில் வடாபாவை முடிப்பது, வாயில் உணவோடு கைப்பேசியில் பேசுவது, சூயிங்கம் மெல்லுவது ஆகியவை எல்லாமே காற்றை உள்ளே அனுப்பும் வழிகள். மதியச் சாப்பாட்டுக்கு மட்டுமாவது இருபத்தைந்து நிமிடம் கடையை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். ராஜ்மா, கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம் ஆகியவற்றைச் சிறிது காலம் தள்ளிவையுங்கள். பால் குடித்த நாளில் உப்பல் கூடுகிறதா என்று கவனித்து, கூடினால் மோருக்கு மாறுங்கள். சாப்பிட்ட பின் பத்து நிமிடம் நடப்பது, வாயுவுக்குத் தரும் சிமெதிகோன் மாத்திரையை விட எனக்கு நம்பிக்கையானது. மாத்திரையும் சிலருக்கு உதவுகிறது. மலச்சிக்கல் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள், காற்றுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வழியையும் அது அடைக்கிறது.

மாதங்கள் போகப்போகப் பலருக்குச் சிறு ஏப்பம் திரும்ப வருகிறது. காற்று பிரிவது மட்டும் சிலருக்கு நிரந்தரமாகச் சற்று அதிகமாகவே இருந்துவிடும், அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. சாப்பிட்டதும் மேல்வயிறு கல்லாக இறுகி, கடும் வலியும் ஓங்கரிப்பும் வந்தால் அது சாதாரண உப்பல் அன்று. அப்போது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: என் தாயாருக்கு வயது 63, சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு. அடுத்த மாதம் அவருக்கு இந்த அறுவை. மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கலாம் என்கிறார்கள். கஞ்சி மட்டும் குடிக்கும் நாட்களில் சர்க்கரை மாத்திரையை எப்படிக் கொடுப்பது?
ஒரு வாசகர், முலுண்ட்

பதில்: அறுவைக்கு முன்பே இதைக் கேட்டது நல்லது. இதில் இரண்டு ஆபத்துகள் எதிரெதிர்த் திசையில் இருக்கின்றன. சாப்பாடு பாதியாகக் குறையும்போது கிளிமெபிரைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ பழைய அளவிலேயே கொடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். இன்னொரு பக்கம், சர்க்கரை போட்ட பழச்சாறும் வெறும் அரிசிக் கஞ்சியும் குடித்தால் அது விறுவிறுவென ஏறும். ஆகவே அவருடைய சர்க்கரை மருத்துவரிடம் இந்த ஆறு வாரங்களுக்கென்று தனி அளவை எழுதி வாங்குங்கள். வீட்டிலேயே குளுக்கோமீட்டரால் காலையிலும் சாப்பாட்டுக்குப் பின்னும் பார்த்துக் குறித்து வையுங்கள். கஞ்சியைப் பருப்பும் மோரும் கலந்து கொடுங்கள்.

எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது. மெட்ஃபார்மின் பெரும்பாலும் பெரிய மாத்திரை. அதன் அட்டையில் எஸ்.ஆர். அல்லது எக்ஸ்.ஆர். என்றிருந்தால் மருந்து மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டது, பொடித்தால் முழு அளவும் ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும். அமிலத்தைக் குறைக்கும் பேண்டோபிரசோல் மாத்திரைக்கும் மேல்பூச்சு உண்டு, அதை உடைத்தால் வயிற்று அமிலத்திலேயே மருந்து வீணாகிவிடும். எலும்புத் தேய்மானத்துக்கான அலெண்ட்ரோனேட் உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கும் என்பதால் அதை நிறுத்திவைக்கலாமா என்று கேளுங்கள். மருந்துச் சீட்டு முழுவதையும் அறுவை நிபுணரிடம் காட்டி, எதைப் பொடிக்கலாம், எதற்குத் திரவ மருந்து கிடைக்கும், எதைச் சில வாரம் நிறுத்தலாம் என்று ஒவ்வொன்றாகக் குறித்து வாங்குவதே சரி. முழங்கால் வலிக்குக் கடையில் தானாக வாங்கும் டைக்ளோஃபினாக் வேண்டாம். வலிக்குப் பாரசிட்டமால் போதும்.

அறுவை முடிந்த மறுநாள் வலது தோள்பட்டையில் வலி என்பார். இதயமோ என்று வீட்டில் அனைவரும் பதறுவது வழக்கம். லேப்ராஸ்கோபிக்காக வயிற்றில் நிரப்பிய கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதாலும், அதன் நரம்பும் தோளின் உணர்வு நரம்புகளும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதாலும் அப்படித் தெரிகிறது. இரண்டு மூன்று நாட்களில் போய்விடும். ஆனால் இடக்கை, தாடை, வியர்வை என்று சேர்ந்து வந்தால் சர்க்கரை நோயாளி என்பதால் தாமதிக்காமல் இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான் டோம்பிவ்லியிலிருந்து தாதருக்கு வேலைக்குப் போகிறேன். அறுவைக்குப் பின் ரயில் நெரிசலில் ஏறி இறங்க எப்போது அனுமதி? வீட்டில் காலையில் தண்ணீர் வரும் ஒரு மணி நேரத்தில் பீப்பாய் நிரப்புவதும் என் வேலைதான். தினமும் கபாலபாதியும் செய்து வந்தேன்.
ஒரு வாசகர், டோம்பிவ்லி

பதில்: தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்களுக்கு அதிக ஆபத்து அங்கேதான். பதினைந்து லிட்டர் வாளி பதினைந்து கிலோ. ஆறு வாரத்துக்கு நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதன் பொருள், வாளியை நகர்த்தவும் கூடாது என்பதே. தூக்கும்போது மூச்சை அடக்குகிறோம். வயிற்றின் அழுத்தம் ஏறுகிறது. உதரவிதானத்தில் புதிதாகப் போட்ட தையலை இரைப்பை கீழிருந்து மேலே தள்ளுகிறது. இப்படித்தான் கட்டு மார்புக்குள் நழுவுகிறது. இரண்டு மாதத்துக்கு அந்த வேலையை வீட்டில் வேறொருவர் எடுத்துக்கொள்ள வேண்டும் அல்லது குழாயிலிருந்து ரப்பர் குழாய் போட்டுப் பீப்பாயை நிரப்ப வேண்டும். கபாலபாதி, சூரிய நமஸ்காரம், நௌலி ஆகியவற்றுக்கு மூன்று மாதம் விடுப்பு. சாதாரணமாக மூச்சை இழுத்து விடுவதிலும் நடப்பதிலும் படியேறுவதிலும் தடையில்லை. மூன்று மாடி ஏறுவது முதல் வாரத்திலேயே, நின்று நின்று, நல்லதுதான்.

நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு வாரத்தில் திரும்பலாம். சிக்கல் வேலையில் இல்லை, பயணத்தில் இருக்கிறது. நெரிசலில் வயிறு அமுங்குவதால் மட்டும் தையல் அறுந்துவிடாது; ஓடிப்போய்த் தாவி ஏறுவதும், கம்பியில் தொங்கியபடி திடீரென வயிற்றை இறுக்குவதும்தான் கூடாது. ஆறு வாரம் வரை நிறுவனத்திடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது வீட்டிலிருந்து வேலை செய்யுங்கள். மருத்துவச் சான்று தருவதற்கு எந்த அறுவை நிபுணரும் மறுக்க மாட்டார். மழைக்காலத்தில் இருமல் தொற்றினால் அதை வளரவிடாமல் உடனே மருந்து எடுங்கள். இருமும்போது ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அறுவை செய்துகொண்டேன். நன்றாகவே இருந்தது. ஆறு மாதமாக மறுபடி நெஞ்சில் எரிச்சல். பேண்டோபிரசோலைத் திரும்பவும் தொடங்கிவிட்டேன். அத்தனை பணமும் வலியும் வீணா?
ஓய்வுபெற்ற வாசகர், மாட்டுங்கா

பதில்: ஒன்பது ஆண்டு நிம்மதியை வீண் என்று நான் எண்ண மாட்டேன். ஸ்வீடனில் இந்த அறுவை செய்துகொண்ட 2,655 பேரைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியான ஆய்வில், 17.7 விழுக்காட்டினருக்கு எதுக்களிப்பு திரும்பியிருந்தது. அவர்களிலும் பெரும்பாலோர் மாத்திரையோடு சமாளித்தார்கள், மறு அறுவைக்குப் போனவர்கள் ஆறில் ஒரு பங்குதான்.

ஆனால் உங்கள் எரிச்சல் எதுக்களிப்புதானா என்பதே இன்னும் தெரியவில்லை. அறுவைக்குப் பின் மறுபடி மாத்திரை எடுப்பவர்களில் பலருக்குச் சோதித்துப் பார்த்தால் அமிலம் மேலேறுவதில்லை. உணவுக்குழாயின் கூச்சம், பித்தப்பைக் கல், இரைப்பைப் புண், ஹெலிகோபேக்டர் கிருமி எனக் காரணம் வேறாக இருக்கலாம்; உங்கள் வயதில் இதயத்தையும் முதலில் பார்த்துவிட வேண்டும். எண்டோஸ்கோபியில் கட்டு இருந்த இடத்தில் இருக்கிறதா என்று தெரியும். அதிலும் விடை கிடைக்காவிட்டால் 24 மணி நேர அமிலச் சோதனை. இவை இரண்டும் முடியும் முன் மறு அறுவை என்று யாராவது சொன்னால் இன்னொரு கருத்தைக் கேளுங்கள். இரண்டாம் முறை செய்வது முதல் முறையைவிடக் கடினமானது. முன்பு உங்களுக்கு, அமிலத்தால் உணவுக்குழாயின் உட்பரப்பு உருமாறும் பேரட் மாற்றம் இருப்பதாகச் சொல்லியிருந்தால், எரிச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த காலத்தில் எண்டோஸ்கோபி தொடர வேண்டும். அறுவை அந்தக் கண்காணிப்பிலிருந்து விடுவிப்பதில்லை.

கேள்வி: எனக்கு எரிச்சலைவிட வறட்டு இருமலும் தொண்டைக் கட்டும்தான் தொல்லை. பாட்டு வகுப்பு எடுக்கிறேன். அறுவையால் குரல் சரியாகுமா?
ஒரு வாசகி, சயான்

பதில்: உறுதி சொல்ல முடியாது. நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் இந்த அறுவையில் நன்றாகவே அடங்குகின்றன. இருமலும் குரல் கரகரப்பும் அப்படி நம்பகமாக அடங்குவதில்லை, ஏனென்றால் அவற்றுக்கு ஒவ்வாமை, மூக்கிலிருந்து தொண்டைக்குள் சளி வடிதல், ஆஸ்துமா, குரலை அதிகம் பயன்படுத்துவது என்று பல காரணங்கள் உண்டு. காது மூக்குத் தொண்டை மருத்துவர் குரல்நாண்களைப் பார்த்து, அமிலச் சோதனையும் தெளிவாக நோயைக் காட்டினால் மட்டும் அறுவையைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: எண்டோஸ்கோபி ஒன்று மட்டும் செய்துவிட்டு, மாத்திரையை வாழ்நாள் முழுவதும் எடுப்பதைவிட அறுவை மேல் என்கிறார்கள். உண்மையா?
ஒரு வாசகர், ஆண்டாப் ஹில்

பதில்: ஐரோப்பாவில் பல நாடுகளில் நடந்து 2011இல் வெளியான லோட்டஸ் ஆய்வில், ஐந்தாம் ஆண்டு முடிவில் அறுவை செய்துகொண்டவர்களில் 85 விழுக்காட்டினரும், எசொமெபிரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரை எடுத்தவர்களில் 92 விழுக்காட்டினரும் நோய் அடங்கிய நிலையில் இருந்தார்கள். எதுக்களிப்பு மாத்திரைக் குழுவில் 13 விழுக்காடு, அறுவைக் குழுவில் 2. விழுங்குவதில் சிரமமோ மாத்திரைக் குழுவில் 5, அறுவைக் குழுவில் 11. மாத்திரை கேட்கும் உடம்புக்கு மாத்திரை குறைந்த வழி அன்று என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. மாத்திரையால் எரிச்சல் அடங்கியும், குனிந்தாலும் படுத்தாலும் உணவே வாய்க்கு ஏறி வருபவர்களுக்கும், இரைப்பை மார்புக்குள் ஏறிய பெரிய ஹெர்னியா உள்ளவர்களுக்கும், மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அறுவை பொருந்தும்.

எண்டோஸ்கோபி மட்டும் போதாது. உணவுக்குழாயின் உந்துவிசையை அளக்கும் மேனோமெட்ரி செய்யாமல் இந்த அறுவைக்குச் சம்மதிக்காதீர்கள். உணவை இறக்கும் தசையே செயலிழந்திருக்கும் அக்கலேசியா என்ற நோயும் நெஞ்செரிச்சலாகத் தோன்றக்கூடும், அவர்களுக்கு முழுக் கட்டுப் போட்டால் சாப்பாடு இறங்கவே இறங்காது. எண்டோஸ்கோபியில் தெளிவான புண் தெரியாதபோது, மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தி 24 மணி நேர அமிலச் சோதனையும் செய்ய வேண்டும். நாளின் 6 விழுக்காட்டுக்கு மேல் உணவுக்குழாயில் அமிலம் நின்றால் நோய் உறுதி; 4 விழுக்காட்டுக்குள் என்றால் அது இயல்பு.

கேள்வி: அறுவை முடிந்து நான்காவது வாரம், திருநெல்வேலிக்கு ரயிலில் போக வேண்டியிருக்கிறது. அங்கிருந்து மலைப்பாதையில் பேருந்துப் பயணம் வேறு. போகலாமா?
ஒரு வாசகி, காட்கோபர்

பதில்: தள்ளிப்போட முடிந்தால் ஆறு வாரம் முடியட்டும். முடியாவிட்டால் ரயிலில் கீழ்ப்படுக்கை வாங்கி, பெட்டியை உடன் வருபவரிடம் விட்டுவிட்டு, இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்து போய் வாருங்கள். அறுவைக்குப் பின் நெடுநேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தால் காலின் இரத்தக்குழாய்களில் இரத்தம் உறையக்கூடும். பெட்டியில் விற்கும் பிரெட் ஆம்லெட்டும் பிரியாணியும் உங்களுக்கானவை அல்ல. சத்துமாவும் வெந்நீர்க் குடுவையும் கொண்டுபோங்கள். மலைப்பாதையில் குமட்டும் இயல்புடையவர் என்றால் ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் மாத்திரையை உங்கள் மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

அறுவைக் குறிப்பின் நகல் ஒன்றைக் கைப்பையில் வைத்திருங்கள். வெளியூர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போனால் மற்றவர்களைப் போல் உங்களால் எளிதில் வாந்தி எடுக்க முடியாது. வயிறு இறுகி உப்பும், ஓங்கரிப்பு மட்டும் வரும். அந்த நேரத்தில் உள்ளூர் மருத்துவமனையில் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் செலுத்த நேரலாம். புதிய கட்டு இருக்கும் இடத்தில் அதை வலிந்து செலுத்தக் கூடாது. அந்தத் தாளைப் பணியிலிருக்கும் மருத்துவரிடம் முதலிலேயே காட்டி, முடிந்தால் மும்பையில் உங்களுக்கு அறுவை செய்தவரோடு அவரைத் தொலைபேசியில் பேசவையுங்கள்.